அட்டையில் அச்சான ஆண்டு

இந்த இதழை நீங்கள் எந்த நாளில் கையில் வாங்கினீர்கள்? அட்டையில் ஒரு மாதத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆனால் இதழ் அதற்கு முந்திய மாதத்திலேயே அச்சாகி முடிந்திருக்கலாம். அஞ்சல் தாமதத்தால் அடுத்த மாதம் உங்களை வந்து அடைந்திருக்கலாம். இதனால் உங்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. கட்டுரை அதேதான், அறிவும் அதேதான்.

ஆனால் இதழில் ஒருவர் ஒரு புதிய பூச்சியை விவரித்து, அதற்கு முதன்முதலாக ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பூச்சிக்கு வேறொரு நாட்டில், வேறொருவர், வேறொரு இதழில் அதே மாதத்தில் மற்றொரு பெயரைச் சூட்டிவிட்டார். இப்போது எந்தப் பெயர் நிலைக்கும்? எந்த இதழ் முதலில் வெளிவந்ததோ அந்த இதழின் பெயர்தான். ஒரே ஒரு நாள் முந்தியிருந்தாலும் போதும். அப்போது அட்டையில் இருப்பது உண்மையான நாள்தானா என்ற கேள்வி பெரிதாகிவிடும்.

இயற்பியலில் இத்தகைய தொல்லை இல்லை. எலக்ட்ரானைப் பற்றிய கட்டுரை எந்த நாளில் வெளிவந்தது என்பதைத் திருத்தி எழுதினால் எலக்ட்ரானின் பெயர் மாறிவிடாது. விலங்கியலில் மாறும்! இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நூலின் வெளியீட்டு நாளை இன்று ஒருவர் சரியாகக் கண்டுபிடித்தால், நாம் நாள்தோறும் காணும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் அறிவியல் பெயர் மாற நேரிடலாம். அது எப்படி என்பதையும், பழைய நூல்களின் பிறந்த நாளை எவ்வாறு கணிக்கிறார்கள் என்பதையும் காண்போம்.

முந்தியதே முதல்வன்

ஒவ்வொரு விலங்குக்கும் இரு சொற்களாலான ஓர் அறிவியல் பெயர் உண்டு. முதற்சொல் பேரினத்தையும், இரு சொற்களும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பில், 1758-ல், இம்முறையை விலங்குகள் அனைத்துக்கும் சீராகக் கையாண்டார். அதனால் விலங்கியல் பெயர்களின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

அதன் பின் பல நாட்டு அறிஞர்களும் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டலாயினர். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை. ஒரே பூச்சிக்கு ஐந்தாறு பெயர்கள் சேர்ந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்க 1895-ல் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் தோன்றியது. அதன் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்விதிகளின் முதுகெலும்பு முந்துரிமை விதி. ஒரு விலங்குக்குப் பல பெயர்கள் இருந்தால், முறைப்படி முதலில் வெளியிடப்பட்ட பெயரே செல்லும். மற்றவை இணைப்பெயர்கள் என்று ஒதுக்கப்படும்.

இதற்குத் துணையாக இன்னொரு விதியும் உண்டு. ஒரே பேரினத்துக்குள் இரு வேறு சிற்றினங்கள் ஒரே பெயரைத் தாங்கக் கூடாது. அவ்வாறு நேர்ந்தால் பிந்தியது தன் பெயரை இழக்கும். ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் ஆசிரியர் ஆளுக்கொரு முன்னெழுத்தைச் சேர்த்து அழைக்கலாம். பெயரீட்டு விதியில் அந்தச் சலுகை கிடையாது.

இரு விதிகளிலும் முந்தியது எது, பிந்தியது எது என்பதே கேள்வி. ஆகவே தேதி இன்றித் தீர்ப்பு இல்லை.

தொடக்கக் கோடு

ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு தொடக்கக் கோடு வேண்டுமல்லவா? விலங்கியல் பெயர்களுக்கு அக்கோடு 1758 ஜனவரி 1. லின்னேயஸின் நூல் உண்மையில் அந்த ஆண்டின் எந்த நாளில் வெளிவந்திருந்தாலும், அது ஜனவரி 1 அன்று வெளிவந்ததாகவே கொள்ள வேண்டும் என்று விதி கூறுகிறது. அதற்கு முன் சூட்டப்பட்ட பெயர்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் சேரா.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த கிளெர்க் என்பவர் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூல் 1757-ல் வெளிவந்தது. எட்டுக் கால்களை உடைய சிலந்தி, பூச்சி வகுப்பைச் சேர்ந்ததன்று. ஆயினும் இங்கே அதைச் சொல்லியாக வேண்டும். கோட்டுக்கு முன்பே வெளிவந்த அந்த நூலும் 1758 ஜனவரி 1 அன்று வெளிவந்ததாகக் கருதப்படும் என்றும், அதன் பெயர்கள் லின்னேயஸின் பெயர்களுக்கும் முந்தியவை என்றும் விதித்தொகுப்பே கூறிவிட்டது. இவ்வாறு நாட்காட்டியைக் கூட விதியால் நகர்த்த வேண்டியிருந்தது.

கொசு ஒன்றின் நான்கு பெயர்கள்

இதெல்லாம் பழைய ஏடுகளைப் புரட்டுவோரின் சச்சரவு என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும், வீசியெறிந்த டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிடும் கொசு ஒன்று உண்டு. உடலிலும் கால்களிலும் வெண்ணிறக் கோடுகள் கொண்ட அந்தக் கொசுதான் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிறது. இதன் இன்றைய பெயர் ஈடிஸ் ஈஜிப்டை. இப்பெயரை அது அடைந்த கதையைப் பாருங்கள்.

1900-ல் கியூபாவில் வால்டர் ரீடும் அவருடைய குழுவினரும் மஞ்சள் காய்ச்சலை இக்கொசு பரப்புகிறது என்று மெய்ப்பித்தார்கள். அப்போது அவர்கள் இதைக் க்யூலெக்ஸ் ஃபேசியேட்டஸ் என்று எழுதினார்கள். அப்பெயரை ஃபெப்ரீசியஸ் 1805-ல் சூட்டியிருந்தார். ஆனால் க்யூலெக்ஸ் பேரினத்தில் அதே பெயரை வேறொருவர் 1789-லேயே பயன்படுத்திவிட்டார் என்பது தெரிய வந்தது. ஆகவே ஃபெப்ரீசியஸின் பெயர் செல்லாதாயிற்று. அதன் பின் சிலர் 1818-ல் சூட்டப்பட்ட காலோபஸ் என்ற பெயரைக் கையாண்டார்கள். அதைவிடப் பழைய ஆர்ஜென்டியஸ் என்ற பெயர் 1787-ல் வெளியானது என்று மற்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்கும் முன், 1762-ல், ஈஜிப்டை என்ற பெயர் அச்சாகியிருந்தது!

இந்த 1762-லும் ஒரு சிக்கல் இருந்தது. லின்னேயஸின் மாணவர் ஹாசல்குவிஸ்ட் என்பவர் எகிப்து, பாலஸ்தீனம் முதலிய நாடுகளில் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தார். ஊர் திரும்பும் முன்பே 1752-ல் ஸ்மிர்னா நகரில் இறந்துபோனார். கடன்காரர்கள் அவருடைய சேகரிப்பைப் பிடித்துவைத்துக்கொள்ள, சுவீடன் நாட்டு அரசி பணம் கொடுத்து அதை மீட்டார். அவருடைய குறிப்புகளை லின்னேயஸ் 1757-ல் நூலாக வெளியிட்டார். 1757 என்பது தொடக்கக் கோட்டுக்கு முந்தியது. எனவே அதிலுள்ள பெயர்கள் கணக்கில் சேரவில்லை. 1762-ல் அந்நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கோட்டுக்கு முன் பிறந்த ஒரு பெயர், கோட்டைக் கடந்தபின் மொழிபெயர்ப்பில் மீண்டும் அச்சானால் உயிர் பெறுமா? இதில் கருத்து வேறுபாடு எழுந்தது. போதாக்குறைக்கு, அந்த நூலில் உள்ள வருணனை இந்தக் கொசுவுக்குப் பொருந்தவில்லை என்றும் கூறினார்கள்.

அதற்குள் உலகெங்கும் மருத்துவர்கள் ஈஜிப்டை என்றே எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே 1962-ல் மாட்டிங்லி, ஸ்டோன், நைட் என்னும் மூன்று கொசு வல்லுநர்கள் ஆணையத்திடம் முறையிட்டார்கள். ஆணையம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அப்பெயரை இக்கொசுவுக்கே உரியதாக்கி நிலைநிறுத்தியது.

இதில் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பீர்கள். மருத்துவ நூலகத்தில் இக்கொசுவைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஃபேசியேட்டஸ், காலோபஸ், ஆர்ஜென்டியஸ், ஈஜிப்டை ஆகிய நான்கு தலைப்புகளிலும் அவர் தேட வேண்டும். ஒன்றை மறந்தாலும், அத்தலைப்பில் உள்ள உழைப்பு முழுவதும் அவருக்கு இல்லாததாகிவிடும். ஓர் உயிரினத்தைப் பற்றி மனிதன் அறிந்தவை எல்லாம் அதன் பெயர் என்னும் ஆணியில்தான் தொங்குகின்றன. ஆணி இடம் மாறினால் பொருள்கள் சிதறும்.

பாரம் பாரமாக வந்த நூல்

இனி, நூலின் முகப்புத்தாளில் உள்ள ஆண்டு நம்மை எவ்வாறு ஏமாற்றும் என்று பார்ப்போம்.

அச்சகம் சென்றவர்களுக்குப் ‘பாரம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு மடித்தால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும். அதுவே ஒரு பாரம். முழு நூலையும் அச்சிடப் போதிய பணம் இல்லாத ஆசிரியர்கள் அக்காலத்தில் சந்தாதாரர்களைச் சேர்த்து, சில பாரங்களாக அச்சிட்டு, ஒரு மேலுறையில் வைத்து அனுப்பிவந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து நூல் முற்றுப்பெறும். சந்தாதாரர் எல்லாவற்றையும் சேர்த்துப் பைண்டு செய்துகொள்வார். அப்போது பைண்டர் முதல் வேலையாக மேலுறைகளைக் கிழித்து எறிவார். ஒவ்வொரு பகுதியும் எப்போது வந்தது என்பதற்குச் சான்று அந்த மேலுறைதான்! எஞ்சுவது முகப்புத்தாளில் உள்ள ஒரே ஓர் ஆண்டு.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த யாக்கோப் ஹூப்னர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வகைப்படுத்தி அவர் எழுதிய பட்டியல் நூல் ஒன்றின் முகப்பில் 1816 என்று இருக்கிறது. அதில் 431 பக்கங்கள், அதாவது 27 பாரங்கள் உள்ளன. இவற்றுள் முதல் 16 பக்கங்களே 1816-ல் வந்தவை. 17-ஆம் பக்கம் முதல் 176-ஆம் பக்கம் வரை 1819-ல் வந்தன. எஞ்சியவை சிறிது சிறிதாக வெளிவந்து முடிவதற்குள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹூப்னரும் 1826-ல் காலமானார். அவருடைய நூல்களின் வெளியீட்டுக் காலத்தை ஆராய்ந்து, பிரான்சிஸ் ஹெம்மிங் என்பவர் 1937-ல் இரு தொகுதிகளாக ஒரு நூலையே வெளியிட்டார் என்றால் சிக்கலின் அளவு உங்களுக்குப் புரியும்.

இதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. நம் தோட்டங்களில் இறகில் கண் போன்ற வட்டங்களுடன் வெயில் காயும் வண்ணத்துப்பூச்சிகளின் பேரினம் ஜுனோனியா. கொன்றை மரத்தில் முட்டையிடும் வெளிர்மஞ்சள் நிறத்தவற்றின் பேரினம் கேட்டோப்சீலியா. புல்லை ஒட்டித் தாழப் பறக்கும் சிறு மஞ்சள் பூச்சிகளின் பேரினம் யூரீமா. இம்மூன்று பெயர்களும் ஹூப்னரின் அந்த நூலில் பிறந்தவையே. இன்றைய நூல்களில் இவற்றுக்குப் பின்னால் ‘ஹூப்னர், [1819]’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்தச் சதுர அடைப்புக்குறிக்குப் பொருள் உண்டு. இந்த ஆண்டு நூலில் அச்சானதன்று. வெளிச் சான்றுகளால் கணித்து அறிந்தது என்பதே அப்பொருள். ‘ஈடிஸ் ஈஜிப்டை (லின்னேயஸ், 1762)’ என்பதில் உள்ள வளைந்த அடைப்புக்குறி வேறு. பெயரைச் சூட்டியவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார், பின்னர் அது இடம் மாறியது என்பதை அது காட்டுகிறது.

மூன்று ஆண்டுகள் தள்ளிப் போனதால் என்ன ஆகிவிடும்? புளிய மரத்து இலைகளைத் தின்று வளரும் ‘கறுப்பு ராஜா’ என்னும் வண்ணத்துப்பூச்சியைக் கேளுங்கள். அதன் பேரினம் கராக்சஸ். இப்பெயரை ஆக்சன்ஹைமர் என்பவர் 1816-ல் வெளியிட்டார். இன்று இதே பேரினத்துள் அடங்கும் பூச்சி ஒன்றை வைத்து ஹூப்னர் எரிபோயா என்று பெயர் சூட்டினார். அதுவும் மேற்கண்ட நூலில்தான் உள்ளது. முகப்புத்தாள்களை மட்டும் பார்த்தால் இரண்டும் 1816. யார் முந்தியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எரிபோயா அச்சான பக்கம் 1819-ல் வந்த பகுதியைச் சேர்ந்தது. ஆகவே கராக்சஸ் ஐயத்துக்கு இடமின்றி வென்றது; எரிபோயா இணைப்பெயராயிற்று.

ஆண்டு முன்னோக்கியும் நகரும். எருக்கஞ்செடியில் வளரும் ‘வெந்தய வரியன்’ டானஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பெயரைச் சூட்டியவர் போலந்து நாட்டுப் பாதிரியார் க்ளுக். நெடுங்காலம் இப்பெயருக்கு நேராக 1802 என்றே எழுதிவந்தார்கள். ஆனால் அது பிந்திய பதிப்பின் ஆண்டு. 1780-ல் வந்த பதிப்பிலேயே இப்பெயர் இருந்தது. ஒரே வீச்சில் டானஸுக்கு 22 வயது கூடிவிட்டது!

படித்தல் வேறு, வெளியிடல் வேறு

ஓர் அறிஞர் சங்கக் கூட்டத்தில் எழுந்து தம் கட்டுரையைப் படித்துவிட்டால் அது வெளியீடு ஆகுமா? ஆகாது. டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் லண்டன் லின்னேயச் சங்கத்தில் 1858 ஜூலை 1 அன்று படிக்கப்பட்டன. அவை அச்சாகி வெளிவந்தது ஆகஸ்டு 20 அன்று. பெயரீட்டுக் கணக்கில் பின்னைய நாளே செல்லும். லண்டன் விலங்கியல் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதிகள் கூட்டம் நடந்த ஆண்டின் பெயரால் வழங்கின. ஆனால் ஆண்டின் இறுதியில் படிக்கப்பட்டவை மறு ஆண்டில்தான் அச்சாகி வந்தன. அட்டையில் உள்ள ஆண்டை நம்பியவர்கள் ஓராண்டு தவறினார்கள்.

அச்சான எல்லாம் வெளியீடும் அன்று. அதே ஹூப்னர் 1806-ல் தம் வகைப்பாட்டுத் திட்டத்தைச் சுருக்கமாக ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு, வல்லுநர்கள் பார்த்துக் கருத்துக் கூறுவதற்காக அனுப்பினார். அதன் தலைப்பே அவ்வாறுதான் சொல்கிறது. அதிலும் பல புதிய பெயர்கள் இருந்தன. அவற்றை ஏற்றால், அதற்கு அடுத்த ஆண்டுகளில் மற்றவர்கள் சூட்டி எல்லோருக்கும் பழகிப்போன பெயர்கள் பல வீழ்ந்துவிடும். அத்துண்டுத்தாள் வெளியீடு ஆகாது என்று ஆணையம் 1926-ல் முடிவு கூறியது.

இரு எல்லைகளுக்கு நடுவே

சரி, மேலுறை கிழிந்துபோன ஒரு நூலின் நாளை எப்படிக் கணிப்பது? இங்கேதான் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இத்துறையின்மேல் ஈடுபாடு உண்டாயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளக்கும்போது அது இந்த அளவுக்குக் குறையாது, இந்த அளவுக்கு மிகாது என்று இரு எல்லைகளைச் சொல்கிறோம். நல்ல கருவி கிடைக்கக் கிடைக்க எல்லைகள் நெருங்கிவரும். நூலின் நாளைக் கணிப்பதும் அதே முறைதான்.

முதலில் கீழ் எல்லை. முன்னுரையில் ஆசிரியர் ஒரு நாளைக் குறித்திருந்தால், நூல் அதற்கு முன் வந்திருக்க முடியாது. வேறொரு நூலிலிருந்து ஆசிரியர் மேற்கோள் காட்டியிருந்தால், அந்த நூல் வெளிவந்த பின்னரே இது வந்திருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் சில வேளைகளில் தாள் செய்த ஆண்டும் இருக்கும். அதற்கு முன் அத்தாளில் அச்சிட்டிருக்க இயலாது.

அடுத்து மேல் எல்லை. ஒரு நூலகம் நூலைப் பெற்ற நாளை முத்திரையிட்டு வைத்திருந்தால், அந்த நாளுக்குள் நூல் வந்துவிட்டது என்பது உறுதி. சங்கத்தின் கூட்டக் குறிப்பில் ‘இன்று நன்கொடையாக வந்த நூல்கள்’ என்ற பட்டியல் இருக்கும். பத்திரிகையில் மதிப்புரை, விற்பனையாளரின் பட்டியல், நண்பருக்கு எழுதிய நன்றிக் கடிதம், மற்றோர் ஆசிரியர் பக்க எண்ணுடன் காட்டிய மேற்கோள் ஆகிய யாவும் மேல் எல்லையைக் கீழே இழுத்து வரும். செய்தித்தாள் விளம்பரத்தை மட்டும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ‘விரைவில் வெளிவருகிறது’ என்று விளம்பரம் செய்து, ஆண்டுகள் கழித்து வெளியிடுவது அன்றும் வழக்கம்தான்.

சான்றே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதற்கும் விதி உண்டு. மறுப்புச் சான்று இல்லாதவரை நூலில் உள்ள நாளையே ஏற்க வேண்டும். மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள். ஆண்டு மட்டும் இருந்தால் டிசம்பர் 31. மூன்று நூல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவதில் ‘1820’ என்று மட்டும் உள்ளது. இரண்டாவதில் ‘மார்ச் 1820’ என்றும், மூன்றாவதில் ‘1820 ஜூன் 10’ என்றும் உள்ளன. மூன்றிலும் ஒரே வண்டுக்கு மூன்று பெயர்கள். விதிப்படி முதல் நூலின் நாள் டிசம்பர் 31. இரண்டாவதின் நாள் மார்ச் 31. எனவே இரண்டாவது நூலின் பெயரே வெல்லும். ஆனால் ‘1820’ என்று மட்டும் உள்ள முதல் நூலின் பிரதி ஒன்று எங்கோ ஒரு நூலகத்தில் ‘1820 பிப்ரவரி 15’ என்ற வரவு முத்திரையுடன் அகப்படுகிறது. உடனே கடைசியில் நின்றது முதலிடத்துக்கு வந்துவிடுகிறது! ஒரு முத்திரையின் வலிமை அவ்வளவு.

இரு பெயர்கள் ஒரே நாளில் வந்தவையாகவே முடிந்தால், இரண்டையும் எடுத்துக் கூறி அவற்றுள் ஒன்றை முதன்முதலில் தேர்ந்தவர் எவரோ அவர் முடிவே செல்லும். சிக்கல் அதையும் மீறிப் போவதுண்டு. 1775-ஆம் ஆண்டில் மட்டும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களுக்குப் பெயர் சூட்டிய நூல்கள் ஐந்து இடங்களிலிருந்து வந்தன. கிராமர் ஒருவர்; வியன்னாவைச் சேர்ந்த டெனிஸ், ஷிஃபர்முல்லர் இருவர்; ஃபெப்ரீசியஸ், ஃபூஸ்லி, ரோட்டம்பர்க் ஆகியோர் மற்றவர்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பது ஐரோப்பியப் பூச்சியியலாளர்களுக்குத் தீராத வழக்காயிற்று. கடைசியில் ஆணையம் 1958-ல் தன் தனி அதிகாரத்தால் அந்நூல்களுக்குள் ஒரு வரிசையை வகுத்து வழக்கை முடித்தது.

ஒரு மனிதரின் 43 ஆண்டுகள்

இத்துறையில் நினைக்க வேண்டிய பெயர் சார்ல்ஸ் டேவிஸ் ஷெர்பார்ன். லண்டனைச் சேர்ந்த இவர், 1758 முதல் 1850 வரை விலங்குகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் அனைத்தையும், அவை எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த நாளில் வெளிவந்தன என்ற விவரத்துடன் தொகுக்க முற்பட்டார். 1890-ல் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டுத்தாள். நூல் நூலாகப் புரட்டி, துண்டுத்தாள்களை அகரவரிசையில் அடுக்கினார். ‘இண்டெக்ஸ் அனிமேலியம்’ என்ற அத்தொகுப்பின் முதற்பகுதி 1902-ல் வந்தது. கடைசிப் பகுதி 1933-ல் முடிந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில், பெரும்பாலும் ஒரே மனிதரின் உழைப்பு! பைண்டு செய்யப்படாமல் மேலுறையுடன் தப்பிய பிரதிகளை அவரைப் போன்றவர்கள் பொன்னெனப் போற்றினார்கள்.

பழமைக்கும் ஓர் எல்லை

இவ்வாறு தோண்டிக்கொண்டே போனால், எங்கோ தூசியில் கிடக்கும் ஒரு பழைய நூல் நாம் அனைவரும் அறிந்த பெயரை நாளையே கவிழ்த்துவிடாதா? விதிகளை வகுத்தோர் இதையும் எண்ணினார்கள். மூத்த பெயரை 1899-க்குப் பின் யாருமே செல்லும் பெயராகக் கொள்ளவில்லை என்றும், இளைய பெயரைக் கடந்த 50 ஆண்டுகளில், குறைந்தது 10 ஆண்டுக் கால இடைவெளிக்குள் பரவியதாக, 10 ஆசிரியர்களேனும் 25 நூல்களிலேனும் கையாண்டிருக்கிறார்கள் என்றும் காட்டினால், மூத்தது ‘மறக்கப்பட்ட பெயர்’ என்று ஒதுக்கப்படும். இளையது ‘காக்கப்பட்ட பெயர்’ ஆகும். இதில் அடங்காத வழக்குகள் ஆணையத்துக்குச் செல்லும். முந்துரிமை என்பது பெயர்களை நிலைநிறுத்த வந்த கருவி. நிலைகுலைக்க வந்தது அன்று.

இன்று பழைய நூல்கள் பலவும் கணிப்பொறித் திரையிலேயே கிடைக்கின்றன. 2012-ல் விதிகள் திருத்தப்பட்டு, மின்வடிவில் மட்டும் வெளிவரும் கட்டுரைகளில் சூட்டும் பெயர்களும் ஏற்கப்படலாயின. அதற்கான கட்டுப்பாடுகளுள் இரண்டு: வெளியீட்டு நாள் அக்கட்டுரையிலேயே இருக்க வேண்டும், கட்டுரை ‘ஸூபேங்க்’ என்னும் பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். ஹூப்னர் கொடுத்த தொல்லையிலிருந்து கற்ற பாடம் இது. ஆனாலும் படமெடுத்து ஏற்றப்பட்ட பழைய பிரதிகள் பெரும்பாலும் பைண்டு செய்யப்பட்டவை. கிழித்தெறிந்த மேலுறையை எந்தக் கருவியாலும் படமெடுக்க முடியாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி அல்லது கல்லூரி நூலகத்தில் இதழ்களைப் பைண்டு செய்ய அனுப்பும்போது, அட்டைகளையும் சேர்த்துத் தைக்கும்படி சொல்லுங்கள். இதழ் வந்த நாளை அட்டையின் மூலையில் முத்திரையிட்டோ, எழுதியோ வையுங்கள். ஆண்டு முடிவில் அந்த அட்டைகள் கூடுதல் கனமாகத் தோன்றலாம். ஆனால் நூறு ஆண்டுகள் கழித்து, ஒரு சிறு வண்டின் பெயரைப் பற்றிய வழக்கில், உங்கள் நூலகத்தின் அந்த முத்திரை ஒன்றே சாட்சியாக நிற்கக்கூடும்.